‘செமட்டரி பாய்ஸ்’: பதினைந்து வயது மகளுக்கு வாங்கித் தரலாமா?

ஒரு அம்மா கேட்டிருந்தார்: “பதினைந்து வயது மகள் ‘செமட்டரி பாய்ஸ்’ என்ற ஆங்கில நாவலை வாங்கித் தரச் சொல்கிறாள். நாயகன் ஒரு திருநம்பியாம், அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆணாம், அவனுக்கும் ஒரு ஆவிக்கும் காதலாம். இது என்ன மாதிரிப் புத்தகம்? இந்த வயதில் படிக்கலாமா? படித்துவிட்டு ஏதாவது கேட்டால் நான் என்ன சொல்வது?”

வாங்கிக் கொடுங்கள். கீழே நீளமாக எழுதப் போகிறேன் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு சின்ன வட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்துகிறேன். இந்த நாவலை அங்கே இரண்டு முறை எடுத்துப் படித்தோம். இரண்டு முறையும் யாரும் பாதியில் மூடி வைக்கவில்லை. ‘நல்ல கருத்து இருக்கிறது, படி’ என்று நாம் கையில் திணிக்கும் புத்தகங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

எழுதியவர் ஏய்டன் தாமஸ். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர், லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர், அவரும் திருநர்தான். 2020 செப்டம்பரில் வந்த இது அவருடைய முதல் நாவல். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இளையோர் பிரிவு நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. ‘ஒரு ஆவியை வரவழைத்துவிட்டாய், அது போகமாட்டேன் என்கிறது, என்ன செய்வாய்?’ என்று எங்கோ பார்த்த ஒரு சிறு தூண்டுதல் வரியிலிருந்துதான் கதை கிளம்பியது என்று அவர் சொல்லியிருக்கிறார். நாவலின் துள்ளலுக்கும் வேகத்துக்கும் அந்தப் பிறப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

கதை நடக்கும் இடம் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸ். அது தனி மாநகராட்சி இல்லை, லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கும் பகுதி. அங்கே குடியிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 1968இல் நல்ல கல்வி கேட்டு ஆயிரக்கணக்கான மெக்சிக அமெரிக்க மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து ஊர்வலம் போன மண் அது. அந்த ஊரில் ஒரு கல்லறைத் தோட்டம். அதற்குள்ளேயே ஒரு வீடு. அந்த வீட்டுப் பிள்ளைதான் யாத்ரியேல், வயது பதினாறு.

அவன் குடும்பம் ஒரு மந்திரச் சமூகத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ, கியூபா, புவெர்தோ ரிக்கோ, ஹெய்ட்டி என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் கலந்திருக்கிறார்கள். இறந்தவர்களின் ஆவி அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பெண்களை ‘ப்ரூஹா’ என்பார்கள், அவர்கள் வேலை காயத்தையும் நோயையும் ஆற்றுவது. ஆண்கள் ‘ப்ரூஹோ’. போக மனமில்லாமல் இந்த உலகிலேயே தங்கிவிட்ட ஆவிகளை ஏதோ ஒரு பொருளோடு பிணைத்திருக்கும் கட்டை அறுத்து அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. பதினைந்து வயதில் ஒரு சடங்கு நடக்கும். பெண்பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாளை லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் ஊரைக் கூட்டிக் கொண்டாடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வழக்கத்தை நாவல் இரு பாலருக்கும் பொதுவாக்கி, மரணதேவி நேரில் வந்து சக்தி தரும் நாளாக மாற்றிவிட்டது. அன்று பெண்ணின் கையில் ஜெபமாலை போன்ற ஒன்று, ஆணின் கையில் குத்துவாள்.

யாத்ரியேலுக்குப் பதினைந்து வந்தது, போனது. சடங்கு மட்டும் நடக்கவில்லை. பிறந்தபோது பெண் என்று எழுதி வைத்தவர்கள், அவன் தன்னை ஆண் என்று சொன்னபோது காதில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் குத்துவாளை எடுத்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெறுப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. ‘நம் முறைப்படி எப்படிச் செய்வது?’ என்ற தயக்கம், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற தள்ளிப்போடல். அவனைப் புரிந்துகொண்டு கூடவே நின்றவள் அம்மா கமீலா. அவளும் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் அத்தியாயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரவு. கல்லறைத் தோட்டத்துக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய தேவாலயம். யாத்ரியேலும் அவன் உறவுக்காரப் பெண் மரீட்சாவும் திருட்டுத்தனமாக உள்ளே போகிறார்கள். குடும்பம் செய்து வைக்காத சடங்கை அவன் தானே செய்துகொள்ளப் போகிறான். குத்துவாள் மரீட்சா தன் கையால் அவனுக்காகச் செய்தது. இந்த மரீட்சா வீகன், விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவள். மந்திரத்துக்கு விலங்கு இரத்தம் வேண்டும் என்பதால், ஆற்றும் சக்தி தன்னிடம் இருந்தும் அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று வீட்டாரோடு மல்லுக்கு நிற்பவள். மெழுகுவர்த்தி, தேவியின் சிலை, காணிக்கை. கற்றுவைத்த ஜெபத்தை அவன் சொல்கிறான். குரல் நடுங்குகிறது. தேவியும் மறுத்துவிட்டால்? வீட்டார் சொல்வதுதான் சரி என்று ஆகிவிட்டால்?

கத்தியில் பொன்னொளி ஏறுகிறது.

நாவல் முழுவதையும் தூக்கி நிறுத்தும் தூண் இதுதான் என்பேன். பதின்ம வயதுத் திருநர் பாத்திரம் வரும் பல கதைகளில் ‘இவன் உண்மையிலேயே ஆண்தானா?’ என்ற கேள்வியே கடைசிப் பக்கம் வரை இழுக்கப்படும். அழுகை, கண்ணாடி முன் நிற்பது, டாக்டர், மறுபடி அழுகை. இங்கே அந்தக் கேள்வி முதல் அத்தியாயத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தீர்த்து வைப்பது அந்தச் சமூகமே கும்பிடும் தெய்வம். இனி மிச்சமிருப்பது ஒன்றுதான்: தெய்வத்துக்குத் தெரிந்துவிட்டது வீட்டுக்கு எப்போது தெரியும்?

ஒரு ஃபேன்டஸி கதையால் மட்டும் செய்ய முடிந்த வேலை இது. நடைமுறை வாழ்க்கையில் ஒரு பிள்ளை ‘நான் இப்படித்தான்’ என்று சொல்வதற்கு அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது. கேட்பவர் நம்பினால் உண்டு. மந்திர உலகத்தில் எழுத்தாளரால் அந்தச் சாட்சியத்தைக் கண்ணால் பார்க்கும் வெளிச்சமாக்கிக் காட்ட முடிகிறது. ஆண் மந்திரம், பெண் மந்திரம் என்று இரண்டாகப் பிரிந்த உலகங்கள் ஃபேன்டஸி எழுத்தில் ஏராளம், நம் பிள்ளைகள் அவற்றைப் படித்துத்தான் வளர்கிறார்கள். தாமஸும் அதே பிரிவினையை வைத்துக்கொள்கிறார், வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்கிறார். அந்தக் கோட்டைப் போட்டது தெய்வம் அல்ல, மனிதர்களின் பழக்கம் என்பது வாசகருக்கு முதல் இருபது முப்பது பக்கங்களிலேயே தெரிந்துவிடும். பாத்திரங்களுக்குத்தான் நேரமாகிறது.

அந்த ஒளியின் சூடு ஆறுவதற்குள் அடுத்த அடி விழுகிறது. அவர்களில் ஒருவர் இறந்தால் எல்லோர் உடம்பிலும் அந்த வலி பாயும். உறவினன் மிகேல் இறந்துவிட்டான் என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிகிறது. உடல் எங்கே என்று தெரியவில்லை. வீட்டில் ஆண்கள் தேடக் கிளம்புகிறார்கள். யாத்ரியேலும் கிளம்புகிறான். அப்பா என்ரீகே, தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே, மற்ற பெண்களோடு நீயும் இங்கேயே இரு என்கிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த இடத்தை ஒரு பையன் சத்தமாக வாசித்தான். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்கே போகவில்லை. “அவர் திட்டக்கூட இல்லையே அக்கா, சாதாரணமாத்தானே சொல்றார்” என்றான். நான் விளக்க நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். கோபத்தில் வரும் சொல்லுக்கு மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம். அவசரத்தில் தானாக வாயில் வரும் சொல்தான் ஒருவர் மனதுக்குள் நம்மை எங்கே வைத்திருக்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, காதலுக்கு வருகிறேன். தானும் ஒரு ப்ரூஹோதான் என்று காட்ட, மிகேலின் ஆவியை வரவழைத்து அவன் கதையை அறிந்து அனுப்பிவைக்கலாம் என்று யாத்ரியேல் முயல்கிறான். பழைய தேவாலயத்தில் ஒரு பதக்கம் கிடைக்கிறது. அதில் இருப்பது புனித யூதா ததேயு. கைவிடப்பட்ட காரியங்களுக்குத் துணை நிற்பவர் என்று மெக்சிகோவில் கொண்டாடப்படும் புனிதர். மாதந்தோறும் 28ஆம் தேதி மெக்சிகோ நகரத்துச் சான் இப்போலித்தோ தேவாலயத்தில் அவருக்காகக் கூடும் கூட்டம் பெரியது. அது மிகேலுடையதாக இருக்கும் என்று நினைத்து, அந்தப் பதக்கத்தை வைத்து அழைத்தால் வருவது மிகேல் இல்லை. அதே பள்ளியில் படித்த ஹூலியான் தியாஸ். ஆசிரியர்கள் ‘இவன் தேறமாட்டான்’ என்று முத்திரை குத்திவிட்ட பையன், கொலம்பிய வம்சாவளி. தான் இறந்துவிட்டோம் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொள்கிறான். என் நண்பர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் போவேன் என்று நிபந்தனை போடுகிறான்.

அவ்வளவுதான், கல்லறைத் தோட்டத்து வீட்டில் ஒரு படுக்கையறையில் ஆவி ஒன்று குடியேறிவிடுகிறது. அதற்கு வாய் ஓயாது, ஓரிடத்தில் உட்காரத் தெரியாது, எதையும் மறைக்கவும் தெரியாது. யாத்ரியேலோ பேசும் முன் நூறு தடவை யோசிப்பவன். தான் திருநம்பி என்று அவன் சொல்லும்போது ஹூலியான் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் நண்பர் கூட்டத்திலேயே ஃப்ளாகா என்று ஒரு திருநங்கை இருக்கிறாள். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், வீடு இருந்தும் போக முடியாதவர்கள் சேர்ந்து ஒருவரையொருவர் காத்துக்கொள்ளும் கூட்டம் அது. நாவலின் மிகக் கசப்பான உண்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஹூலியான் காணாமல் போனதை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அவனைப் போன்ற பையன் ஒருவன் காணவில்லை என்றால், எங்காவது ஓடிப்போயிருப்பான் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

காதல் மெதுவாக வருகிறது. தொட்டால் சில்லென்ற காற்று மட்டும்தான் படும். இன்னும் சில நாட்களில் தன் கையாலேயே கட்டை அறுத்து அனுப்ப வேண்டியவனை நேசிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டைக் காட்டு என்று ஸ்பானிய மொழியில் மந்திரம் சொன்னதும் ஆவிக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒரு பொன்னிழை தெரியும். அதைக் குத்துவாளால் வெட்ட வேண்டும். அந்த இழையின் முன் யாத்ரியேல் நிற்கும் இடம் வரும்போது, எங்கள் வட்டத்தில் அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாமல் பாதிப்பேர் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தார்கள்.

ஒரு எதிர்ப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நியாயமானது. ‘ஏன் இந்தப் பையன் இத்தனை உயிரைக் கொடுத்து நிரூபிக்க வேண்டும்? மற்ற பையன்கள் சும்மா பிறந்தார்கள், சடங்கு நடந்தது, வாள் கிடைத்தது. இவன் மட்டும் வீரதீரம் காட்டினால்தான் மகன் என்று ஏற்பார்களா?’ இப்படி ஒரு பெண் எங்கள் வட்டத்தில் கோபமாகவே கேட்டாள். நானும் முதல் வாசிப்பில் இதில் இடறினேன். இரண்டாம் முறை படித்தபோது, நாவலுக்கு இது தெரிந்தே இருக்கிறது என்று தோன்றியது. நிரூபிக்க வேண்டும் என்பது யாத்ரியேலின் ஏக்கம். அப்படி ஒன்றும் தேவையில்லை என்று அவனைச் சுற்றியுள்ள இளையவர்கள் இடித்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் தியோ கத்ரீஸ், அப்பாவின் சகோதரர். மந்திரக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் இல்லாதவர். ஆண்கள் கூட்டத்திலிருந்து அவரும் ஒதுக்கப்பட்டவர்தான், யாத்ரியேலின் வலி அவருக்குப் புரிகிறது. ஒரே கதவு இருவர் முகத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த அடைப்பு ஒவ்வொருவரையும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை உங்கள் மகளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மொழியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொல்லும் பெயரடையும் ‘ஓ’வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண். ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்று சொல்லவே ஆணுக்கு ‘கன்சாதோ’, பெண்ணுக்கு ‘கன்சாதா’. அதாவது, தன்னைப் பற்றி வாய் திறந்தாலே பாலைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் நாவல் தன் சமூகத்துக்குப் பொதுப்பெயர் வைக்கும்போது கடைசி எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு ‘எக்ஸ்’ போடுகிறது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பால் சுட்டாமல் குறிக்கும் ‘லத்தினெக்ஸ்’ என்ற சொல்லிலும் இதே வேலைதான். வாயில் நுழையவில்லை என்று அதை ஏற்காத ஸ்பானிய மொழிக்காரர்கள் நிறையப் பேர், ‘லத்தீனே’ என்று ‘ஏ’யில் முடிப்பவர்களும் உண்டு. தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதில் பால் இல்லை, ‘நீ வந்தாய்’ என்பதிலும் இல்லை. படர்க்கைக்குப் போனதும் ‘வந்தான், வந்தாள்’ என்று வினைச்சொல்லே பிடித்துக்கொள்கிறது. யாத்ரியேலின் பாட்டியும் மற்றப் பெரியவர்களும் நாக்குத் தவறும் இடங்கள் நம் காதில் உறைப்பது இதனால்தான். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் பிசகுவது, தமிழில் வாக்கியத்தின் கடைசி வரை பிசகும்.

கதை ஓடும் நாட்கள் ‘தியா தே முவெர்தோஸ்’, இறந்தோர் நாளுக்கு முந்திய சில நாட்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் முன்னோர் வீடு திரும்புவார்கள் என்ற நம்பிக்கை. அதை யுனெஸ்கோ 2008இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்த மரண வழிபாடும், அவர்கள் கொண்டுவந்த கத்தோலிக்கமும் ஒரே பலிபீடத்தில் கலந்து உட்கார்ந்திருக்கும். போனவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, படம், மெழுகுவர்த்தி, எலும்பு வடிவம் போட்ட இனிப்பு ரொட்டி, வெட்டிய வண்ணத்தாள் தோரணம், வழிகாட்ட மஞ்சள் பூ. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நவம்பர் 2தான். அந்த மஞ்சள் பூவும் வேறெதுவும் இல்லை, நாம் ஆயுதபூஜைக்கு மாலை மாலையாக வாங்கும் செண்டுப்பூ. அதன் பூர்வீகமே மெக்சிகோதான். யாத்ரியேல் வீட்டில் அந்த ஆண்டு முதன்முறையாக அம்மாவுக்குப் படையல் வைக்கப் போகிறார்கள். வரப்போகும் அம்மா தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவன் ஏங்குகிறான் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தப் பூ வாசம் வரும் பக்கங்களைச் சாதாரணமாகக் கடக்க முடியாது.

குறைகளும் உண்டு. கொலை மர்மத்தைக் கூர்மையான வாசகர் நடுவிலேயே கண்டுபிடித்துவிடுவார். நடுப்பகுதியில் மிகேலைத் தேடும் கதை அப்படியே நிற்கிறது, காதல்தான் ஓடுகிறது. பெரியவர்களில் அப்பாவைத் தவிர மற்றவர்கள் கோட்டோவியமாக நின்றுவிடுகிறார்கள். எனக்கு இவை பெரிதாகப் படவில்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு: காதல் முத்தத்தோடு நின்றுவிடுகிறது. நீங்கள் பயப்பட வேண்டிய காட்சி எதுவும் இல்லை. இரத்தம் உண்டு; சடங்கில் கொஞ்சம், முடிவில் நிறைய. அண்மையில் அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளை என்றால் பக்கத்தில் இருங்கள். ஸ்பானிய வாக்கியங்கள் மொழிபெயர்ப்பின்றி வரும். பொருள் இடத்தைப் பார்த்தே விளங்கும், தடுமாறினால் விட்டுவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். மார்பை இறுக்கும் உள்ளாடையை யாத்ரியேல் அணிவது பற்றி வரும். அதைப் பற்றி அவள் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: தன் உடம்பு வெளியே தெரியும் விதம் உறுத்தும்போது திருநம்பிகள் பலர் அணிவது, நீண்ட நேரம் அணியக் கூடாது.

கேள்விகளுக்கு வருவோம். ‘திருநங்கை’ என்ற சொல் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். ‘திருநம்பி’ அந்த அளவுக்குப் பழகியிருக்காது. அந்தச் சொல்லை அவள் உங்கள் வாயிலிருந்து முதலில் கேட்பது நல்லது. யாத்ரியேலைப் பற்றிப் பேசும்போது ‘அவன்’ என்றே பேசுங்கள், பழைய கதையைச் சொல்லும்போதும், குழந்தைப் பருவத்தைச் சொல்லும்போதும். ‘முன்னாடி அவள், அப்புறம் அவன்’ என்று நாம் பிரித்துச் சொன்னால், கத்தியில் ஒளி ஏறுவதற்கு முந்தைய வீட்டார் பேச்சைத்தான் நாமும் பேசுகிறோம்.

அநேகமாக அவள் ஒன்று கேட்பாள். எங்கள் வட்டத்தில் இரண்டு முறையும் கேட்டார்கள்: “அவனோட பழைய பேர் என்ன?” தேடிப் பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். நாவலில் எங்கேயும் அது அச்சாகவில்லை.